இ4-க்கு எதிராகக் கருப்பில் எதை ஆடுவது? டெல்டா மாணவி ஒருவருக்கான தேர்வு

கும்பகோணத்தில் சனி, ஞாயிறுகளில் சதுரங்கம் கற்பித்து வருகிறேன். நான்கு ஆண்டுகளாக என்னிடம் பயிலும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) ரேட்டிங் இப்போது 1500-ஐ ஒட்டி இருக்கிறது. கோடை விடுமுறையில் திருச்சியில் ஒன்று, சென்னையில் ஒன்று என இரண்டு ஓப்பன் போட்டிகளில் அவள் ஆடவிருக்கிறாள். அதற்குள் அவளுடைய பெற்றோரும் நானும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எதிராளி வெள்ளைக் காய்களுடன் முதல் நகர்த்தலாக இ4 ஆடினால், அதாவது ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே வைத்தால், கருப்புக் காய்களுடன் இவள் என்ன பதில் சொல்வது? இ5, சிசிலியன் (சி5), பிரெஞ்சு (இ6), காரோ-கான் (சி6) ஆகிய நான்கு பதில்களையும் சில வாரங்களாக எடை போட்டுப் பார்த்தேன். இதே கேள்வியோடு இருக்கும் பிற பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் உதவக்கூடும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் இருக்கும் நேரம் எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவளுடைய வீடு பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. பள்ளி முடிந்து பேருந்தில் வீடு சேர ஆறு மணி ஆகிவிடும். வீட்டுப்பாடம் முடித்த பிறகு, அம்மாவின் கைப்பேசியில் சதுரங்கத்துக்கென்று ஒரு மணி நேரம் கிடைத்தால் அதுவே நல்ல நாள். வார இறுதி வகுப்புகளையும் சேர்த்தால் வாரத்துக்கு ஏழு அல்லது எட்டு மணி நேரம் தேறும். அதில் பாதிக்கு மேல் தந்திரப் புதிர்களுக்கும் இறுதியாட்டப் பயிற்சிக்கும் போயாக வேண்டும், ஏனெனில் இந்த நிலையில் ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் வெல்லப்படுகின்றன, அங்கேதான் தோற்கப்படுகின்றன. வெள்ளைக் காய்களுக்கான தயாரிப்பையும் கழித்துவிட்டால், இ4-க்கு எதிரான கருப்புத் தயாரிப்புக்கு மிஞ்சுவது வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

இதை அவளுடைய அப்பாவிடம் விளக்கியபோது, விவசாயியான அவர் ஒரே மூச்சில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். "சார், மேட்டூர்ல தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பாத்துத்தானே குறுவை போடலாமா, சம்பாவுக்குக் காத்திருக்கலாமான்னு முடிவு பண்றோம்? பாப்பாவுக்கு இருக்கற நேரத்துல எது விளையும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். இந்த ஒப்பீடு முழுவதற்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

ரேட்டிங் கணக்கும் இதில் சேர வேண்டும். 2024 மார்ச் முதல் ஃபிடே பட்டியலின் அடிமட்டம் 1000-லிருந்து 1400-க்கு உயர்த்தப்பட்டுவிட்டது. ரேட்டிங் 2300-க்குக் கீழே உள்ள 18 வயது வரையிலான ஆட்டக்காரர்களுக்கு ஒவ்வொரு ஆட்டத்தின் ரேட்டிங் மாற்றத்தையும் கணக்கிடப் பெருக்கும் எண் 40. ஆகவே சமமான ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் 20 புள்ளிகள் போகும். 200 புள்ளிகள் உயர்ந்தவரிடம் டிரா செய்தால் ஏறத்தாழ 10 புள்ளிகள் வரும். 200 புள்ளிகள் குறைந்தவரிடம் தோற்றாலோ ஒரே ஆட்டத்தில் 30 புள்ளிகள் கரைந்துவிடும். இரவு முழுவதும் உழவன் எக்ஸ்பிரஸில் பயணம் செய்து, காலையில் எழும்பூரில் இறங்கி, முகம் கழுவிய கையோடு முதல் சுற்றில் அமர்கிற ஒரு குழந்தைக்குப் பதினைந்தாவது நகர்த்தலுக்குள்ளேயே ஆட்டம் சரிந்துவிடும் தொடக்கம் எவ்வளவு பெரிய சுமை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. கருப்பில் உடையாமல் நடு ஆட்டத்தை அடைவதுதான் இப்போதைக்கு அவளுடைய முதல் தேவை.

ஒப்பிட்டுப் பார்க்க நான் திரும்பத் திரும்ப எடுத்த போட்டி, 2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலக சாம்பியன்ஷிப். மயிலாடுதுறையில் பிறந்த நம் விஸ்வநாதன் ஆனந்த் 3.5–6.5 என்ற கணக்கில் மாக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்த போட்டி அது. அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் இந்த நான்கு பதில்களில் மூன்றை ஒரே மேடையில் பார்க்க அது இடம் தருகிறது. இரண்டாவது ஆட்டத்தில் காரோ-கான் வந்தது. நான்கு, ஆறு, ஏழு ஆகிய ஆட்டங்களில் கார்ல்சனும் எட்டாவது ஆட்டத்தில் ஆனந்தும் கருப்பில் இ5 ஆடி, அதன் ஒரு கிளையான பெர்லின் தடுப்பாட்டத்துக்குப் போனார்கள். பத்தாவது ஆட்டத்தில் சிசிலியன் வந்தது. நான்காவது பதிலான பிரெஞ்சுக்கு 2024-இல் சிங்கப்பூரில் நடந்த குகேஷ்–டிங் லிரென் உலக சாம்பியன்ஷிப் போட்டியை எடுத்துக்கொண்டேன்.

இ5 அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தொடக்கநிலைக் குழந்தைகள் அனைவருக்கும் நான் அதையே கற்பிக்கிறேன், ஏனெனில் நடுக்கட்டங்களுக்கான நேரடிப் போட்டியையும், காய்களை விரைவாக வெளியே கொண்டுவரும் பழக்கத்தையும் அதைப்போல் வேறெதுவும் ஊட்டுவதில்லை. சிக்கல் அதன் அகலத்தில் இருக்கிறது. வெள்ளை இத்தாலியனும் ஆடலாம், ரூய் லோபஸும் ஆடலாம், ஸ்காட்ச், வியன்னா, கிங்ஸ் கேம்பிட் என்று எதையும் ஆடலாம். எதை ஆடுவது என்ற உரிமை முழுவதும் வெள்ளையின் கையில் இருக்கிறது. இத்தாலியனில் மூன்றாவது நகர்த்தலாகக் குதிரையை எஃப்6-க்கு வைத்தால், வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்து எஃப்7-ஐக் குறிவைக்கிறது. கருப்பு டி5 ஆடி, வெள்ளை தன் சிப்பாயால் அதை வெட்டிய பிறகு, அந்தச் சிப்பாயைக் குதிரையால் திருப்பி வெட்டும் இயல்பான நகர்த்தலே, எஃப்7-இல் வெள்ளை தன் குதிரையைப் பலிகொடுத்துத் தாக்கும் கண்ணியின் வாயில் கருப்பைத் தள்ளிவிடும். அதற்குப் பதில் சி6-இல் உள்ள குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோக வேண்டும் என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மறுபக்கம், பெர்லின் எஃகுக் கதவு. 2000-இல் லண்டனில் கிராம்னிக் அதை வைத்துத்தான் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவை ஓர் ஆட்டம்கூட வெல்லவிடாமல் தடுத்துப் பட்டத்தைப் பறித்தார். ஆனால் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்பட்டு, கோட்டை கட்டும் உரிமையையும் இழந்து நிற்கும் ராஜாவோடு ஒரு நீண்ட இறுதியாட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது பதின்மூன்று வயதில் இயல்பாக வருவதில்லை. அந்த நிலையைப் பலகையில் வைத்துக் காட்டியபோது, "இதுல நான் என்ன பண்ணணும் சார்?" என்றுதான் அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்குச் சுருக்கமான பதில் என்னிடமும் இல்லை.

சிசிலியனைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சென்ற ஆண்டு நான் தவறிய இடம் அதுதான். அவள் தாக்கி ஆடுவதை விரும்புகிறவள் என்பதால் சிசிலியனின் ஒரு கிளையான நஜ்டோர்ஃப் கற்பித்தேன். ஐந்தாவது நகர்த்தலில் கருப்பு ஏ6 ஆடியதும் வெள்ளைக்கு பிஷப் ஜி5, பிஷப் இ3, பிஷப் சி4, பிஷப் இ2, எஃப்3, எச்3 என்று ஆறு பாதைகளாவது திறக்கின்றன. ஒவ்வொன்றும் தனிப் படிப்பு. பிஷப் ஜி5 ஒன்றுக்கே எங்களுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. அடுத்து வந்த திருச்சிப் போட்டியில், எதிரே அமர்ந்தவர் இரண்டாவது நகர்த்தலிலேயே சி3 ஆடினார். கடிகாரத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தபடி அவள் இருபது நிமிடங்கள் அமர்ந்திருந்ததைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். அடுத்த நாள் இன்னொருவர் டி4 சிப்பாயைப் பலிகொடுத்து ஸ்மித்-மோரா ஆடினார். மூன்றாமவர் மூன்றாவது நகர்த்தலில் பி5-இலிருந்து பிஷப்பால் செக் கொடுத்தார். "சார், நாம படிச்சது வரவே இல்லையே" என்று திரும்பும் பேருந்தில் அவள் சொன்னாள். குற்றம் அவளுடையது அல்ல, நஜ்டோர்ஃபுடையதும் அல்ல. எதிராளிகள் உண்மையில் எதை ஆடுகிறார்கள் என்று பார்க்காமல், உலகத்தின் உச்சியில் எதை ஆடுகிறார்கள் என்று பார்த்து நான் பாடம் நடத்திவிட்டேன்.

உச்சியிலும்கூட நிலைமை அவ்வளவு வேறானது அல்ல என்பதைச் சென்னையின் பத்தாவது ஆட்டம் காட்டுகிறது. அன்று கார்ல்சன் 6–3 என்று முன்னிலையில் இருந்தார். பட்டத்துக்கு அவருக்கு அரைப் புள்ளி போதும். வென்றே தீர வேண்டிய ஆனந்த் பெர்லினை விட்டுவிட்டு சிசிலியனை எடுத்தார். கார்ல்சனோ டி4 ஆடி நடுப்பலகையைத் திறக்கும் திறந்த சிசிலியனுக்குள் நுழையாமல், மூன்றாவது நகர்த்தலில் பிஷப்பைப் பி5-க்கு வைத்து செக் கொடுத்து, ஆட்டத்தைத் தனக்கு வேண்டிய பாதைக்குத் திருப்பினார். ஆட்டம் டிராவில் முடிந்தது. வெற்றி ஒன்றே வழி என்ற நாளுக்கு சிசிலியன் சரியான ஆயுதம் என்பதும், அதைத் தவிர்க்க விரும்பும் வெள்ளைக்கு எளிய வழிகள் இருக்கின்றன என்பதும் அந்த ஒரே ஆட்டத்தில் தெரிகின்றன. சம்பாவைப்போல் நீண்ட காலமும் நிறையத் தண்ணீரும் கேட்கும் பயிர் சிசிலியன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த பிறகு அவளுக்கு அதை மறுபடியும் கொடுப்பேன்; இப்போது கொடுக்க மாட்டேன்.

பிரெஞ்சு தடுப்பாட்டத்தின் பக்கம் அவளுடைய அப்பாவின் மனம் சாய்ந்திருந்தது. 2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் நடந்த முதல் ஆட்டத்தை அவர் நேரலையில் பார்த்தவர். குகேஷ் இ4 ஆட, டிங் லிரென் இ6 ஆடி, 42 நகர்த்தல்களில் கருப்பில் வென்றுவிட்டார். நம் பிள்ளையையே சாய்த்த தடுப்பாட்டம் என்பதால் அதன்மேல் அவருக்கு ஒரு மதிப்பு. டிங் ஐந்தாவது, பதின்மூன்றாவது ஆட்டங்களிலும் அதையே ஆடி டிரா செய்தார் என்பதும், பதினான்காவது ஆட்டத்தில் வென்று 7.5–6.5 என்று பட்டம் பெற்றவர் குகேஷ்தான் என்பதும் தெரிந்ததே. பிரெஞ்சின் பெரிய பலம் அதன் சிப்பாய் அமைப்பு தெளிவாகப் பேசுவது. வெள்ளை இ5-க்கு முன்னேறினால் கருப்பு சி5 ஆடி டி4-ஐத் தாக்க வேண்டும், குதிரை சி6-க்கும் ராணி பி6-க்கும் வந்து அதே டி4-ஐ அழுத்த வேண்டும் என்று ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதிலும் ஒரு கண்ணி உண்டு. வெள்ளை பிஷப்பை டி3-இல் வைத்திருக்கும்போது, சிப்பாய்கள் வெட்டுப்பட்ட பிறகு, டி4 சிப்பாய் காவலின்றி நிற்பதாகத் தோன்றும். அதைக் குதிரையால் வெட்டி, வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டியதும் ராணியால் அதை வெட்டினால், பிஷப் பி5-க்குப் போய் செக் கொடுக்கும். வழி திறந்த வெள்ளை ராணி டி1-இலிருந்து கருப்பு ராணியை அள்ளிக்கொண்டு போய்விடும். முதலில் தன் பிஷப்பை டி7-இல் வைத்து அந்த செக்கை மூடிவிட்டு, அதன் பிறகே டி4-இல் கை வைக்க வேண்டும்.

இவ்வளவு பிடித்திருந்தும் பிரெஞ்சை நான் இரண்டாவது இடத்தில் வைக்கக் காரணம், சி8-இல் பிறந்து இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும் அந்த வெள்ளைக்கட்ட பிஷப். அதை வெளியே கொண்டுவரும் கலை பொறுமையும் அனுபவமும் உள்ளவர்களுக்கு வருவது. அவளுடைய பழைய ஆட்டத்தாள்களைப் புரட்டியபோது, இடம் நெருக்கமாக இருந்த நிலைகளில் அவள் பதறிப்போய்ச் சிப்பாய்களைத் தள்ளியிருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் குணத்தோடு பிரெஞ்சு ஆடினால் பாதிச் சுற்றுகள் மூச்சுத் திணறலில் கழியும்.

காரோ-கானில் டி5-க்குத் துணையாக சி6 நிற்பதால் அந்த பிஷப்புக்கு வழி திறந்தே இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றவை எல்லாம் பிறக்கின்றன. வெள்ளை இ5-க்கு முன்னேறினால் பிஷப் முதலில் எஃப்5-க்கு வெளியே வந்துவிடும், பிறகு இ6 ஆடலாம். பிரெஞ்சின் சிப்பாய் அமைப்பு, அடைபடாத பிஷப்போடு. சென்னையின் இரண்டாவது ஆட்டத்தில் இ4 ஆடிய ஆனந்துக்கு எதிராகக் கார்ல்சன் காரோ-கானைத்தான் எடுத்தார். பிஷப் எஃப்5, அங்கிருந்து ஜி6, எச்7 என்று நடந்து, கடைசியில் டி3-இல் தன் இணையோடு மாற்றிக்கொண்டது. பதினெட்டாவது நகர்த்தலில் ராணிகளும் மாறின. இருபத்தைந்தாவது நகர்த்தலில் டிரா. உலக சாம்பியனுக்கு எதிராகக் கருப்பில் கிடைத்த அந்த அரைப் புள்ளி, இரவுப் பயணம் செய்து வந்து உயர்ந்த ரேட்டிங்காரரோடு அமர்கிற எங்கள் மாணவி எதிர்பார்ப்பதும்தான்.

என் முடிவை உறுதி செய்தது வேறொரு காரணம். வெள்ளையில் அவள் டி4 ஆடி, குயின்ஸ் கேம்பிட்டில் வெள்ளை தன் சி சிப்பாயால் டி5-இல் வெட்டி மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் முறையை இரண்டு ஆண்டுகளாக ஆடி வருகிறாள். சிங்கப்பூரின் மூன்றாவது ஆட்டத்தில் குகேஷ் 37 நகர்த்தல்களில் வென்றதும் அந்த முறையில்தான். அதில் ராணிப் பக்கத்தில் தன்னுடைய இரண்டு சிப்பாய்களை முன்னே அனுப்பி, எதிரியின் மூன்று சிப்பாய்களை உடைப்பது அவளுக்குக் கைவந்த வேலை. காரோ-கானில் வெள்ளை டி5-இல் வெட்டி, கருப்பு சி சிப்பாயால் திருப்பி வெட்டினால், அதே சிப்பாய் அமைப்பு நிறம் மாறி வந்து நிற்கிறது. அதே இரண்டு சிப்பாய்களை அதே மூன்றின் மேல் ஏவ வேண்டியதுதான். இரண்டு நிறத்துக்கும் ஒரே நடு ஆட்ட அறிவு போதும் என்றால், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் உள்ளவளுக்கு அதைவிடப் பெரிய சேமிப்பு கிடையாது. தொடக்கத்தை நகர்த்தல்களின் பட்டியலாகப் பார்த்தவரை எனக்கு இது புலப்படவில்லை. அவளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்ட பிறகே புலப்பட்டது.

காரோ-கான் பாதுகாப்பானது, படிக்காமலேயே ஆடலாம் என்று சொல்லப்படுவதை மட்டும் நம்பக் கூடாது. 1997 மே 11 அன்று நியூயார்க்கில் டீப் புளூ கணினிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் காஸ்பரோவே காரோ-கானில் வரிசை தவறி ஏழாவது நகர்த்தலில் எச்6 ஆட, குதிரை இ6-இல் விழுந்து வெட்டியது; 19 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. நான்காவது நகர்த்தலில் குதிரையை டி7-இல் வைத்த பிறகு வெள்ளை ராணி இ2-க்கு வந்ததைக் கவனிக்காமல் அடுத்த குதிரையை எஃப்6-க்கு நகர்த்தினால், டி6-இல் குதிரையால் மேட். இ7 சிப்பாய் ராஜாவோடு கட்டுண்டு கிடப்பதால் வெட்டவும் முடியாது.

எங்களுக்கு நேர்ந்தது இன்னொன்று. சோதனைக்காக இரண்டு மாதங்களாக உள்ளூர் ராபிட் (குறைந்த நேர) போட்டிகளில் மட்டும் காரோ-கான் ஆடச் சொல்லியிருந்தேன். மன்னார்குடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை வழியிலேயே திருப்பூவனூரில் இறங்கி, அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி வென்றதாகத் தலபுராணம் சொல்லும் சதுரங்க வல்லபநாதரைக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்றாவது சுற்றில் எதிராளி டி4 ஆடாமல் இரண்டு குதிரைகளை எஃப்3-க்கும் சி3-க்கும் கொண்டுவந்தார். இவள் வழக்கப்படி இ4-இல் வெட்டி, குதிரை திருப்பி வெட்டியதும் பிஷப்பை எஃப்5-க்கு வைத்தாள். குதிரை ஜி3, பிஷப் ஜி6, எச்4, எச்6, குதிரை இ5, பிஷப் எச்7. அடுத்து வெள்ளை ராணி எச்5-க்கு வந்தது. எஃப்7-இல் மேட் மிரட்டல். இவள் ஜி6 ஆடித் தடுத்தாள். வெள்ளை, ராணியை வெட்டுக்கு விட்டுவிட்டு பிஷப்பை சி4-இல் வைத்தது. இவள் ராணியை வெட்டினாள். பிஷப் எஃப்7, மேட். வெட்டிய ராணி அவளுடைய இடது கைக்குள்ளேயே இருந்தது; அதைப் பலகையின் ஓரத்தில் வைக்கக்கூடத் தோன்றாமல், எச்5 கட்டத்தைப் பார்த்தபடி இருந்தாள். கார்ல்சன் அதே பிஷப்பை அதே எஃப்5-க்கு வைத்து டிரா செய்திருந்தார். அங்கே வெள்ளை டி4-க்கு ஒரு நகர்த்தலைச் செலவிட்டிருந்ததால், குதிரை இ5-க்கு வருவதற்குள் கருப்பு இ6 ஆடிவிட்டிருந்தது. இங்கே அந்த ஒரு நகர்த்தலை வெள்ளை மிச்சப்படுத்திவிட்டது.

அந்தத் தோல்விக்குப் பிறகும் நான் காரோ-கானையே தேர்ந்தெடுக்கிறேன். இதில் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய கூர்மையான இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நஜ்டோர்ஃபிலோ ஒவ்வொரு பாதைக்கும் அத்தனை இடங்கள். மூன்று மாதத்தில் அறுவடைக்கு வரும் குறுவை இது. வென்றே ஆக வேண்டிய கடைசிச் சுற்றில், குறைந்த ரேட்டிங்காரருக்கு எதிராகக் கருப்பு வந்தால், காரோ-கானை விட்டுவிட்டுப் பழகிய இ5-ஐ ஆட அவளுக்கு உரிமை உண்டு. அதை நாங்கள் கைவிடவில்லை.

கோடைக்கு இன்னும் பன்னிரண்டு வாரங்கள் இருக்கின்றன. முதல் ஐந்து வாரங்களை வெள்ளை இ5-க்கு முன்னேறும் முறைக்கு ஒதுக்கியிருக்கிறேன், ஏனெனில் எங்கள் வட்டாரப் போட்டிகளில் நான் அதிகம் காண்பது அதுவே. அதில் பிஷப் எஃப்5-க்கு வந்ததும் வெள்ளை எச்4 ஆடினால் உடனே எச்5 ஆட வேண்டும். யோசிக்காமல் இ6 ஆடினால் ஜி4, எஃப்3, எச்5 என்று சிப்பாய்களே சுற்றி வளைத்து பிஷப்பைப் பிடித்துவிடும். அடுத்த மூன்று வாரங்கள் டி5-இல் வெட்டும் முறைக்கும், வெட்டிய பிறகு சி4 ஆடும் பனோவ் தாக்குதலுக்கும். மிச்சம் மற்றவற்றுக்கு. புதிதாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் எதை எழுதுவது என்று அவளிடமே விட்டேன். "எதிராளி டி4 ஆடாமல் இரண்டு குதிரைகளையும் கொண்டுவந்தால்: இ4-இல் வெட்டாதே. பிஷப் ஜி4. எஃப்5 இல்லை" என்று எழுதி, கடைசி இரண்டு சொற்களின் கீழே இரண்டு முறை கோடு போட்டிருக்கிறாள்.